தொட்டிச் சுவரில் நுரை

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில் ராக்காயியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவள் விடவும் மாட்டாள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவள் வாயைத் திறந்தால் கீழ் லயத்து வரிசை வீடுகளின் கோழிகள்கூடக் கொஞ்ச நேரம் கொக்கரிப்பதை நிறுத்தும் என்பார்கள். அந்தக் குரலுக்குச் சமமாக அவளிடம் இன்னொன்றும் இருந்தது. சுத்தம். வாசலைக் கூட்டுவாள், கூட்டிய விளக்குமாற்றைக் கழுவுவாள், விளக்குமாற்றைக் கழுவிய இடத்தையும் ஒரு தடவை கழுவி விடுவாள். அவள் புருசன் மாயாண்டிக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. வேலை விட்டு வந்தால் இரண்டு காலையும் கழுவிக் காட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் நுழைய முடியும். "கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து என் கால்ல மண்ணு ஒட்டுனதில்ல" என்று அவர் சொல்வது பெருமையா முறைப்பாடா என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

லயத்துக்குக் கீழே, ஓடைக்குப் போகும் சரிவில், தோட்டத்துச் சனங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக மரக்கறி போடுவார்கள். லீக்ஸ், கரட், கோவா. ராக்காயியின் துண்டுக்கும் முத்துலிங்கத்தின் துண்டுக்கும் நடுவில் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று உண்டு. மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து அதில் விழும். இரண்டு வீட்டுப் பாத்திகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். ராக்காயியின் மாடும் அதில்தான் குடிக்கும். போன முறை அந்த மாட்டுக்குக் கன்று செத்துப் பிறந்தது. இந்த முறை அது மறுபடி சினையாக இருந்தது. அதனால் அந்தத் தொட்டியை அவள் சாமி மாடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள்.

முத்துலிங்கத்தின் பெண்சாதி பிரியந்தி. ராக்காயியைவிடப் பல வயது இளையவள், ஆனால் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது. கொழுந்து பறிக்கும் மலையில் எப்போதும் அடுத்தடுத்த நிரை. ராக்காயி பேசிப் பேசிப் பின்தங்கிவிட்டால், பிரியந்தி தன் நிரையை முடித்துக்கொண்டு வந்து இவள் செடிகளிலும் கை வைப்பாள். கேட்டு வாங்கிய உதவியும் இல்லை, சொல்லிக் காட்டிய உதவியும் இல்லை. ஒருத்தி கொண்டுவரும் ரொட்டிக்கு மற்றவள் கொண்டுவரும் சம்பல். அப்படியே வருசங்கள் போயிருந்தன.

முத்துலிங்கம் வாய் பேசாத ஆள். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் மருந்து கேனைச் சுமந்துகொண்டு காலையில் போனால் மத்தியானம் திரும்புவான். மேல் டிவிசன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் வருசா வருசம் காப்பு அவன் கையில்தான் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் விரதம் இருந்து, கரகத்துக்குத் தண்ணீர் எடுத்து, கடைசிவரை அம்மனுக்குப் பொறுப்பாக நிற்க வேண்டும். தோட்டமே ஒத்துக்கொண்ட யோக்கியனுக்குத்தான் அது கிடைக்கும். முத்துலிங்கத்துக்கு இந்த உலகத்தில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் தொட்டிச் சுவரில் அந்த நுரை வந்தது.

தண்ணீருக்குச் சற்று மேலே, பாசி பிடித்த உள்சுவரில், ஒரு கை அளவுக்கு வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. சவர்க்காரத் தண்ணீரைக் கலக்கி யாரோ வீசியதுபோல. ராக்காயி முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டே தேய்த்துக் கழுவினாள். அடுத்த வாரம் வேறு பக்கத்தில் இரண்டு நுரை. துணி துவைக்கிறவர்கள் அங்கே வருவதில்லை. கேன் கழுவுகிற ஆள் ஒருவன்தான் அந்தப் பக்கம் வருவான். செத்துப் பிறந்த கன்று அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

அன்றைக்கே முத்துலிங்கத்தின் காம்பரா வீட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, மருந்து கேன என் தொட்டியிலயா கழுவுற?"

"இல்லக்கா. நான் அங்க கழுவுறதே இல்ல. மேட்டுக்கு அங்கிட்டு குழி வெட்டி வச்சிருக்கேன். அதுலதான் ஊத்துவேன்."

"அப்ப அந்த நுரை என்னா, வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"வாயில்லாத சீவன் குடிக்கிற தண்ணி. போன கன்னும் இதுலதான் செத்துச்சா?"

அதுவரை அடுப்படியில் நின்ற பிரியந்தி வெளியே வந்தாள். "அக்கா, என்னா பேச்சு பேசுறீங்க? இவரப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும்தான். ஆனால் நுரையும் கண் முன்னால் இருந்ததே. சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் ராக்காயிக்கு வார்த்தை இன்னும் நன்றாக வரும். "யோக்கியன்னா அம்மன் முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுக்கே பட்டது. ஆனால் திரும்ப எடுக்கிற வழக்கம் அவளிடம் இல்லை.

முத்துலிங்கம் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு நனைந்த வேட்டியோடு வந்தான். தட்டில் எரிந்த சூடத்தைப் பார்த்து, "அந்தத் தொட்டியில நான் கேன் கழுவல, தாயே" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கோயில் தலைவர் சோலைமலை விபூதி பூசிவிட்டார். விசயம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ராக்காயிக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்கு மறுபடி நுரை.

இப்போது அது வெறும் நுரையாக இல்லை, பொய்ச் சத்தியமாக ஆகிவிட்டது. அம்மன் முன்னால் அணைத்த சூடத்துக்கே மரியாதை இல்லை என்றால் அவன் என்ன மனுசன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கார்த்திகை மழையில் முத்துலிங்கத்தின் லீக்ஸ் அழுகியது. எல்லார் பாத்தியிலும்தான் அழுகியது. ஆனால் அவன் பாத்தியில் அழுகியது மட்டும் அம்மன் கொடுத்த தண்டனை என்றார்கள். சனங்களின் நியாயம் சில நேரம் அப்படித்தான் வேலை செய்யும். அவன் கோயில் பக்கம் வருவதை விட்டான். பிறகு பேசுவதையும் விட்டான், அது முன்பே குறைவாக இருந்தபடியால் பலருக்குத் தெரியவில்லை.

ராக்காயி கங்காணியிடம் சொல்லித் தன் நிரையை மாற்றிக்கொண்டாள். பிரியந்தி மலையின் அந்த ஓரத்தில், இவள் இந்த ஓரத்தில். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எதிரெதிரே வந்தால் இருவரும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் ஒட்டிய தூசியைத் தட்டுவதில் மும்முரமாகிவிடுவார்கள். ராக்காயியின் நிரை இப்போதெல்லாம் பின்தங்கியே கிடந்தது. யாரும் வந்து கை கொடுக்கவில்லை. கொண்டுபோன ரொட்டியைச் சம்பல் இல்லாமல் வெறுமனே தின்றாள். தன் மீது தப்பில்லை என்று அவள் தனக்குத்தானே ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபத்தையெல்லாம் தொட்டியில் காட்டினாள். தேங்காய் மட்டை போட்டுத் தேய்ப்பாள், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித் தண்ணீரைத் திறந்து விடுவாள். நுரை வரும், கழுவுவாள், வரும்.

பங்குனி பிறந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு இந்த முறை காப்பு பிரதாப்புக்கு என்று பேச்சு அடிபட்டது. பிரதாப் நல்ல பையன்தான், ஹட்டனில் கடை வேலை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகும் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து ராக்காயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மனுசனின் பேரைக் கெடுத்துவிட்டோம், அதையும் நியாயமாகத்தான் செய்தோம் என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனசு ஆறும். கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தாள். முதல் நாள் மாலை நல்ல மழை. விடிந்தும் விடியாத நேரத்தில், பெரட்டுக்கு முன்பே, பிளீச்சிங் பொட்டலத்தையும் தேங்காய் மட்டையையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய் லீக்ஸ் பாத்தி ஓரத்தில் குந்தினாள்.

முத்துலிங்கம் வரவில்லை. யாரும் வரவில்லை. பனி மெதுவாக விலகி வெளிச்சம் வந்தது. தொட்டிக்குள்ளே ஏதோ அசைவது தெரிந்தது. எட்டிப் பார்த்தாள்.

உள்சுவரில் ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. மண் நிறம், கூர்மூக்கு. அதன் முதுகில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. பெரியது பின்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தது. முட்டை அடிக்கிற மாதிரி அடித்தது. அடிக்க அடிக்க அதன் கால்களுக்கு அடியில் வெள்ளையாக நுரை பொங்கியது. நுரைக்குள்ளே சின்னச் சின்ன முட்டைகள் தெரிந்தன.

ராக்காயி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த தேங்காய் மட்டை கீழே விழுந்தது. ஐப்பசியிலிருந்து தான் தேய்த்து எடுத்ததெல்லாம் இந்த முட்டைகளைத்தான். இதுவும் வாயில்லாத சீவன், இதுவும் பிள்ளை பெறத்தான் வந்தது. அடுத்ததாக முத்துலிங்கத்தின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. எரிகிற சூடத்தில் வைத்த கை. ஈர மண்ணில் உட்கார்ந்து, சேலை அழுக்காவதையும் பாராமல், அவள் அழுதாள்.

அழுது முடித்துவிட்டு நேரே போய் மன்னிப்புக் கேட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் கேட்கவில்லை. பிளீச்சிங் பொட்டலத்தை மடியில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், குளித்தாள், மலைக்குப் போனாள். தவளைக்காகவா தோட்டத்துச் சனத்தையே கூட்டினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வாய்க்குப் பேர்போனவள் வாயை மூடிக்கொண்டு திரிந்ததைக் கண்டு, மாயாண்டி நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார். ஆனால் தினமும் விடியலில் தொட்டிக்குப் போவதை அவள் விடவில்லை. நுரை மேலே காய்ந்து பழுப்பானது. பிறகொரு மழையில் அது இளகி, உள்ளேயிருந்து கறுப்பாக, நெளிந்து நெளிந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. தலைப்பிரட்டைகள். மாட்டுக்குத் தனியாக ஒரு பேசினில் தண்ணீர் மொண்டு வைக்கத் தொடங்கினாள்.

அந்த வாரம்தான் வனசீவராசித் திணைக்களத்திலிருந்து எல்லோரும் நோனா என்று கூப்பிட்ட ஒரு சிங்கள அதிகாரி அம்மாவும் ஒரு டிரைவரும் வந்தார்கள். ஓடைகளில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்கிறார்களாம். பாத்தியில் நின்ற ராக்காயியிடம் நோனா சிங்களத்தில் விசாரித்தாள். ராக்காயிக்குச் சந்தைச் சிங்களம் நன்றாகவே வரும். தவளை என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்காமலே தொட்டியடிக்குக் கூட்டிப் போனாள். நோனா குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. புதிதாக இன்னும் ஒரு நுரை ஒட்டியிருந்தது, அதன் பக்கத்தில் கூர்மூக்கும் உட்கார்ந்திருந்தது.

இது இலங்கையின் மத்திய மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சாதி என்றாள் நோனா. காடு குறையக் குறைய இதுவும் குறைந்துவிட்டதாம். இதைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றமாம். "தெரியாமச் செஞ்சா, நோனா?" என்று ராக்காயி கேட்டாள். நோனா தொட்டியின் தேய்ந்து வெளுத்த சுவரைப் பார்த்தாள், ராக்காயியின் முகத்தையும் பார்த்தாள். "தெரிஞ்ச பிறகு செய்யாதீங்க" என்று சிரித்தாள். பிறகு சுற்றியிருந்த பாத்திகளைக் காட்டி, இங்கே மருந்தடிக்கிறவர்கள் யார் என்று கேட்டாள். யாராக இருந்தாலும் அந்த ஆள் ரொம்பக் கவனமான ஆள் என்றாள். இவற்றின் தோல் மெல்லிசு, குஞ்சுகள் அதைவிட மெல்லிசு. தண்ணீரில் மருந்து கலந்திருந்தால் இந்தத் தொட்டியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எந்த நுரையை வைத்து முத்துலிங்கத்தை ராக்காயி குற்றவாளி ஆக்கினாளோ, அந்த நுரைதான் அவனுக்குச் சாட்சி. தண்ணீரில் விசத்தைக் கொட்டியவள் அவள்தான், பிளீச்சிங் பொட்டலம் பொட்டலமாக. இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம். சோலைமலை பிரதாப்பின் பேரைச் சொல்ல வாயெடுத்தார். ராக்காயி எழுந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. முத்துலிங்கம் தம்பி பண்ணுனது நெசமான சத்தியம். அந்த நுரை தவளை போட்டது. நான்தான் புரியாம அவர் மேல பழி போட்டுட்டேன்."

கூட்டத்தில் யாரோ, "தவளைக்கு எந்தக் கடையில சவுக்காரம் குடுத்தாங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஐப்பசியில் அவளுக்குப் பின்னால் நின்ற அதே ஆட்கள். ராக்காயியின் முகம் சுண்டியது. ஆனாலும் உட்காரவில்லை. "சிரிங்க. சிரிச்சு முடிச்சுட்டு என்கூட வந்து பாருங்க" என்றாள்.

வந்தார்கள். தொட்டியைச் சுற்றி ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிரதாப் மெதுவாக ஒரு குச்சியை நீட்டப் பார்த்தான், ராக்காயி அவன் கையில் ஒரு அடி வைத்தாள். நுரையின் அடியிலிருந்து ஒரு தலைப்பிரட்டை நழுவித் தண்ணீரில் விழுந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றது. சோலைமலை ஆளனுப்பி முத்துலிங்கத்தைக் கூப்பிட்டார். அவனும் பிரியந்தியும் வந்து தள்ளி நின்றார்கள்.

"தப்பு நடந்து போச்சு தம்பி. காப்பு உனக்குத்தான். நாங்க நம்புறோம்" என்றார் சோலைமலை.

முத்துலிங்கம் தொட்டியைப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு தோட்டம் அவன் குரலைக் கேட்டது.

"நான் அம்மன் முன்னாடி சூடம் அணைச்சேன். நீங்க நம்பல. தவளை சொன்னதும் நம்புறீங்க."

அவ்வளவுதான் சொன்னான். அவன் திரும்பி நடந்தான், பிரியந்தியும் பின்னால் போனாள். ராக்காயி போனவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பேச்சு மற்றவர்களுக்கு ஒரு நாளில் ஆறியிருக்கும். அவளுக்கு ஆறவில்லை.

பிரதாப் பெரிய மனசுக்காரன். அவன்தான் போய் முத்துலிங்கத்திடம், "அண்ணே, உங்க கையில கட்டாம என் கையில கட்டுனா எனக்குத்தான் கூச்சமா இருக்கும்" என்று பேசிப் பார்த்தான். என்ன பேசினார்களோ, காப்புக் கட்டும் அன்று முத்துலிங்கம் குளித்துவிட்டு வந்து கையை நீட்டினான். ராக்காயி கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பிரியந்தியும் பார்க்கவில்லை. மலையில் இன்னும் அதே தூரம்தான்.

இதற்கிடையில் தொட்டி விசயம் நாலு பக்கமும் பரவியிருந்தது. மரக்கறி போடுகிறவர்கள் தங்கள் கேன்களைக் கழுவ மேட்டுக்கு அந்தப் பக்கம் முத்துலிங்கம் வெட்டிய குழிக்குப் போகத் தொடங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் போனார்கள், ஆனால் போனார்கள். நோனா இன்னொரு தடவை வந்து, சுவரில் பாசி இருக்கட்டும், தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ராக்காயிக்கு அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. வழுவழுவென்று பச்சை படிந்த அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை அரிக்கும். கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவிய அடுப்பை இன்னொரு தடவை கழுவுவாள்.

கரகம் பாலிக்கும் நாள் வந்தது. தப்புச் சத்தத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. வழக்கமாக ஆற்றுக்குப் போய் அங்கே தண்ணீர் எடுத்துத்தான் கரகம் ஜோடிப்பார்கள். முன்னால் போன முத்துலிங்கம் லயம் தாண்டியதும் நின்றான். பிறகு மரக்கறித் தோட்டத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் திரும்பினான்.

"என்னா தம்பி, ஆத்துப் பாதை அங்கிட்டு" என்றார் சோலைமலை.

"ஆத்துக்கு எந்தெந்தத் தோட்டத்து மருந்து வருதுன்னு மருந்தடிக்கிற எனக்குத் தெரியும்ணே. கரகத்துக்கு நஞ்சு கலக்காத தண்ணி வேணும். அது எங்க இருக்குன்னு நீங்க எல்லாரும்தான் பாத்தீங்களே."

தப்படிக்கிறவர்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி அடித்தார்கள். ஊர்வலம் லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாக இறங்கியது. முத்துலிங்கம் தொட்டியடியில் நின்று, கூட்டத்தில் தேடி, ராக்காயியைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க மொண்டு குடுங்க."

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை. யாரோ முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்கள். செம்பை வாங்கித் தொட்டிக்குள் கையை விட்டாள். கண் நிறைந்து, தண்ணீர் எது பாசி எது என்று தெரியாமல் மொண்டாள். பக்கத்தில் வந்து நின்ற ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"பாத்துக்கா. ஒண்ணு உள்ள வந்துருச்சு" என்றாள் பிரியந்தி.

செம்புக்குள் ஒரு தலைப்பிரட்டை சுற்றிச் சுற்றி நீந்தியது. அதற்குப் பின்னங்கால்கள் முளைத்திருந்தன. இரண்டு பேரும் சேர்ந்து செம்பைச் சரித்து அதைத் தொட்டியில் விட்டார்கள். ராக்காயி மறுபடி மொண்டாள். முத்துலிங்கம் இரண்டு கைகளையும் நீட்டி அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டான்.